ரூட்டருக்குள் ஒரு காவல்

வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வரும் பாக்கெட் ஒவ்வொன்றும் ரூட்டரைக் கடந்தாக வேண்டும். ஆகவே தாக்குதலைக் கண்டறியும் காவலை ரூட்டருக்குள்ளேயே வைப்பது பலன் தரும். அதற்கு ஏற்றது, சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருள் ரூட்டர்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எடி கோலரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கி, 2000இல் விரிவாக வெளியிட்ட 'கிளிக்' இதற்கு நல்ல உதாரணம். பாக்கெட்டை வாங்க ஓர் உறுப்பு, அதன் தலைப்பைச் சரிபார்க்க ஒன்று, வழி பார்க்க ஒன்று, வரிசையில் நிறுத்த ஒன்று எனச் சிறு உறுப்புகளின் கோவை அது. பாக்கெட் கடக்கும் பாதையில் 16 உறுப்புகள். அன்றைய கணினியிலேயே நொடிக்கு 3,33,000 சிறு பாக்கெட்டுகளை இழப்பின்றி அனுப்பியது. லீவரைக் கூட்டித் திண்டுக்கல் பூட்டுக்கு வலுவேற்றுவது போல, இங்கே உறுப்பைக் கூட்டிக் காவலை ஏற்றலாம்.

காவல் உறுப்பின் இடம், தலைப்புச் சரிபார்ப்புக்குப் பின்னும் வரிசைக்கு முன்னும். வரிசைக்குப் பின்னால் வைத்தால், வெள்ளமாகப் பாயும் தாக்குதலில் வரிசை நிரம்பி, நல்ல பாக்கெட்டும் கெட்டதும் சேர்ந்தே உதிர்ந்துவிடும்.

கண்டறிய இரு வழிகள். முதலாவது, தெரிந்த தாக்குதலின் அடையாளத்தைத் தேடுவது. 1975இல் வெளியான ஆஹோ-கொராசிக் முறை, பல அடையாளங்களை ஒரே ஓட்டத்தில் தேடும். ஆனால் அடையாளம் இரண்டு பாக்கெட்டுகளில் பிரிந்து வந்தால், அவற்றை ஒட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். மறையாக்கம் செய்த உள்ளடக்கத்தில் இந்த வழி செல்லாது.

இரண்டாவது, நடத்தையை எண்ணுவது. டி.சி.பி. இணைப்பு 'சின்' பாக்கெட்டில் தொடங்கும். மறுமுனை பதில் தரும். தொடங்கியவரின் 'ஆக்' வந்தால் இணைப்பு முழுமையடையும். 'சின்' குவிந்து, 'ஆக்' வராமல் பாதி இணைப்புகள் பெருகினால் அது தாக்குதலின் அறிகுறி.

கனமான தேடலுக்குப் பாக்கெட்டின் நகலைக் கிளைப் பாதையில் அனுப்பலாம். ரூட்டரின் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் அசல் பாக்கெட் அதற்குள் போய்விடும். எச்சரிக்க முடியும், தடுக்க முடியாது.

வெளியே போகும் பாக்கெட்டையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் தீம்பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீம்பொருள் புகுந்ததை, 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' கவனித்துத் தெரிவித்தது. அணு உலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனியாக இருந்ததால் பாதிக்கப்படவில்லை. உள்ளே நுழைந்துவிட்ட தீம்பொருள் வெளியே பேசும்போதுதான் பெரும்பாலும் தடயம் விடுகிறது.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே காவல் உறுப்பு, கண்டதை நேரத்தோடு எழுதி வைப்பதும் அவசியம்.