காப்பி குடித்தால் பந்து கூடையில் விழுமா?

கூடைப்பந்து ஆடப் போகும் முன்பு காப்பி குடிக்கலாமா?

குடித்தால் உயரமாகத் துள்ள முடியுமா? குறி தவறாமல் பந்தைக் கூடைக்குள் போட முடியுமா?

விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்து இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது வேடிக்கையானது. காப்பி, காலுக்கு உதவுகிறது. கைக்கு உதவவில்லை!

தாயின் அன்பு

மதுரைக்குத் தெற்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, திருமங்கலம். கன்னியாகுமரி போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். அங்கே காப்பிக் கடைக்குப் பஞ்சம் இல்லை. காப்பிக்கொட்டைக்கும் வெகு தூரம் போக வேண்டாம். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன.

இந்தப் பக்கத்து வீடுகளில், மாலையில் விளையாடப் போகும் பிள்ளையிடம், "ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ" என்று தாய் சொல்லுவது உண்டு. அது அன்பு.

இப்போது டப்பாவில் அடைத்த "எனர்ஜி டிரிங்க்" கடைகளில் கிடைக்கிறது. "இதைக் குடித்தால் பலம் வரும்" என்று நினைத்துப் பையன்கள் வாங்கிக் குடிக்கிறார்கள்.

இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்தான். அதன் பெயர் காபீன்.

கவிஞர் கொடுத்த கொட்டை

காபீனைப் பிரித்து எடுத்தவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ரூங்கே. ஆண்டு 1819. புகழ்பெற்ற ஜெர்மன் கவிஞர் கதே, இளைஞரான ரூங்கேயிடம் கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். அப்படிப் பார்த்தபோது கிடைத்ததுதான் காபீன்.

உடம்பில் அது என்ன செய்கிறது?

நாம் விழித்திருக்கும் நேரம் எல்லாம் மூளையில் "அடினோசின்" என்ற பொருள் சேர்ந்து கொண்டே இருக்கும். "களைத்துவிட்டாய். படு" என்று சொல்லுவது அதுதான். அது உட்காருவதற்கு மூளையில் நாற்காலிகள் உண்டு. காபீன் முந்திக்கொண்டு போய் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிடுகிறது! அடினோசின் வெளியே நிற்கிறது.

களைப்பு தீர்ந்து போவது இல்லை. களைப்பு தெரியாமல் போகிறது. அவ்வளவுதான்.

ஒலிம்பிக்கில் தடை!

காபீன் ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருந்தது. 1984 முதல் 2003 வரை, வீரரின் சிறுநீரில் அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் குற்றம்.

1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் வாட்சன் இதனால் போட்டியில் இருந்து நீக்கப்பட்டார். "நான் காப்பிதான் குடித்தேன்" என்றார் அவர். பிறகு 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் மீண்டும் கலந்துகொண்டார்.

2004-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அந்தத் தடை நீங்கியது. ஆனாலும் ஊக்க மருந்து தடுப்பு அதிகாரிகள் காபீனைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

தடை இல்லை என்றால் பயன் உண்டு என்று அர்த்தமா?

கால் துள்ளியது, குறி மாறவில்லை

கூடைப்பந்தில் கூடையின் வளையம் தரையில் இருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. வளையத்தின் அகலம் 45 சென்டி மீட்டர். பந்தின் அகலம் சுமார் 24 சென்டி மீட்டர். அதனால் துள்ளவும் வேண்டும். குறி பார்க்கவும் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் 15 வயது அளவில் உள்ள ஆட்டக்காரர்களுக்கு ஒரு சோதனை நடந்தது. முடிவு 2014-ல் வெளிவந்தது. ஒரு நாள் காபீன் கலந்த பானம் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே மாதிரி பானம், காபீன் இல்லாமல். உடம்பின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லி கிராம் காபீன் என்பது கணக்கு.

காபீன் குடித்த நாளில் பிள்ளைகள் கூடுதலாகத் துள்ளினார்கள். எவ்வளவு கூடுதல்? ஒரே துள்ளலில் சுமார் 1 சென்டி மீட்டர்!

பந்தைக் கூடைக்குள் போடுவதிலோ ஒரு மாற்றமும் இல்லை.

அதே நாட்டில், அனுபவம் உள்ள ஆண், பெண் ஆட்டக்காரர்களிடம் நடந்த சோதனை 2017-ல் வெளிவந்தது. அவர்களும் நன்றாகத் துள்ளினார்கள். சுறுசுறுப்பாக ஆடினார்கள். குறி பார்ப்பதில் முன்னேற்றம் இல்லை. ஆனால், "இரவில் தூக்கம் வரவில்லை" என்று சொன்னவர்கள் அதிகம்.

குறியை வளர்த்தது எது?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களிடம், "இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருங்கள்" என்று சொன்னார்கள். 5 முதல் 7 வாரம் வரை அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

பிறகு அவர்களைச் சோதித்தபோது, தடுப்பவர் இல்லாமல் கோட்டில் நின்று போடும் பந்துகளில் 9 சதவீதம் முன்னேற்றம்! தூரத்தில் இருந்து போடும் 3 புள்ளிப் பந்துகளிலும் ஏறக்குறைய அதே முன்னேற்றம்! ஓட்டத்திலும் வேகம் கூடியது. இது 2011-ல் வெளிவந்தது. 11 பேரிடம் மட்டும் நடந்த சிறிய சோதனைதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குறிக்குக் கைகொடுத்தது தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது காபீன்!

படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லி கிராம் காபீன் சாப்பிட்டவர்களுக்கு, தூக்கத்தில் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆராய்ச்சி சொல்லுகிறது. சாப்பிட்ட காபீனில் பாதி உடம்பை விட்டுப் போவதற்கே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பள்ளிக்கூடப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிவது இல்லை. மாலை 5 மணி ஆட்டத்துக்குக் குடித்த காபீன், இரவு 10 மணிக்குப் படுக்கையில் புரள வைக்கும். மறுநாள் காலை ஆட்டத்தில் கண் எரியும். கை தடுமாறும். இன்றைய 1 சென்டி மீட்டருக்கு, நாளைய ஆட்டத்தை விலையாகக் கொடுக்கலாமா?

எவ்வளவு குடிக்கலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ல் உணவு பற்றிய அறிவுரைகளை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் காபீன் கூடாது என்கிறது. அது சொல்லும் கணக்கு இது:

டிக்காஷன் காப்பி, 150 மில்லி: 80 முதல் 120 மில்லி கிராம் காபீன்.

பொடியைக் கரைத்துக் குடிக்கும் காப்பி: 50 முதல் 65 மில்லி கிராம்.

டீ: 30 முதல் 65 மில்லி கிராம்.

சிக்கரியில் காபீன் கிடையாது. ஆகவே சிக்கரி கலந்த காப்பியில் காபீன் குறைவு.

பிள்ளைகளின் கணக்கு வேறு. எடையில் கிலோவுக்கு 3 மில்லி கிராம்தான் ஒரு நாள் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லுகிறது. 50 கிலோ எடை உள்ள பையனுக்கு 150 மில்லி கிராம். அதாவது, அந்தச் சோதனையில் ஒரே தடவையில் கொடுத்த அளவும், பிள்ளையின் ஒரு நாள் எல்லையும் ஒன்றுதான்!

நம் நாட்டுச் சட்டப்படி எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மில்லி கிராம் வரை காபீன் இருக்கலாம். கால் லிட்டர் டப்பாவில் 75 மில்லி கிராம். இரண்டு டப்பா குடித்தால் பையனின் எல்லை முடிந்தது. காலையில் வீட்டில் குடித்த காப்பி தனி! "பிள்ளைகளுக்கு ஏற்றது அல்ல" என்று டப்பாவிலேயே எழுதி இருக்க வேண்டும் என்பதும் சட்டம். வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

நம் நாட்டுப் பெண் பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் அதிகம். காப்பியும் டீயும், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் காப்பி, டீ வேண்டாம் என்று ஐதராபாத் நிறுவனம் சொல்லுகிறது. ரத்தம் குறைந்த பிள்ளைக்கு ஓடினால் மூச்சு வாங்கும். அதற்கு மருந்து காப்பி அல்ல. கீரையும், பயறும், டாக்டரின் யோசனையும்தான்.

என்ன செய்யலாம்?

வளர்ந்தவர்கள் பகல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு காப்பி குடிப்பதில் தவறு இல்லை. நெஞ்சு படபடப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. புதிதாகக் குடிப்பவர்கள் போட்டி நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீரும், ஒரு வாழைப்பழமும் போதும். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும்.

போட்டிக்கு முந்தின இரவு விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள். காசு செலவு இல்லாத ஊக்க மருந்து அது!