எந்தச் சாயம் முதலில்?

திருப்பூரின் ஒரு சாயப்பட்டறைக்கு இன்று நான்கு லாட் துணி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வந்தது கறுப்பு. அடுத்து இளமஞ்சள், அதற்கடுத்து நேவி ப்ளூ, கடைசியாக வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு க்ரீம் ஷேடு. இருப்பதோ ஒரே ஒரு 'சாஃப்ட் ஃப்ளோ' சாயமேற்றும் இயந்திரம். வந்த வரிசையிலேயே ஏற்றினால், கறுப்பு முடிந்ததும் காஸ்டிக், ஹைட்ரோ ஆகிய ரசாயனங்களைப் போட்டு, இயந்திரத்தைச் சூடாக்கிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் துணியில் கறை ஏறிவிடும். நேவி முடிந்து க்ரீம் ஏற்றுவதற்கு முன் மறுபடியும் அதே கழுவல். இயந்திரம் 500 கிலோ துணி கொள்ளும், கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்றால், ஒருமுறை நிரப்ப 3,000 லிட்டர் ஆகும். ஒரு பெரிய கழுவலுக்கு இரண்டு முறை நிரப்புவதாகக் கொண்டால், இரண்டு கழுவலுக்கு 12,000 லிட்டர்.

இப்போது வரிசையை மாற்றுவோம்: க்ரீம், மஞ்சள், நேவி, கறுப்பு. இடையில் சின்ன அலசல் போதும். மறுநாள் வெளிர் நிறம் ஏற்றுவதற்காகக் கடைசியில் ஒரே ஒரு பெரிய கழுவல். அதே துணி, அதே சாயம், அதே ஆட்கள். பெரிய கழுவலில் மட்டும் 6,000 லிட்டர் தண்ணீர் மிச்சம். புதிதாக ஒரு ரூபாய்கூட முதலீடு இல்லை.

வெளிரில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும் என்பது எந்த டையிங் மாஸ்டருக்கும் கைவந்த பாடம். ஆனால் நடைமுறையில் கறுப்புத் துணிக்குத்தான் நாளைக்கே ஷிப்மென்ட் என்றிருக்கும். பெரிய லாட் ஒன்று இயந்திரத்துக்காகக் காத்திருக்கும்போது 50 கிலோ மட்டுமே கொள்ளும் சின்ன இயந்திரம் சும்மா நிற்கும். பருத்தி லாட்டுகளுக்கு நடுவே பாலியஸ்டர் கலந்த துணி ஒன்று வந்து சேரும். மாலையில் ஒருவர் போன் போட்டு, "நம்ம லாட்ட மொதல்ல ஏத்தி உட்ருங்கண்ணா" என்பார். இத்தனை நிபந்தனைகளுக்கும் நடுவே எந்த வரிசை நல்லது?

நான்கு லாட்டை வரிசைப்படுத்த 24 வழிகள் உண்டு. பத்து லாட் என்றால் 36,28,800 வழிகள். இருபது லாட்டுக்கு 24,000 கோடி கோடியைத் தாண்டிவிடும். நொடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினியை உட்காரவைத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 77 ஆண்டுகள் ஆகும். இருபது லாட் என்பது ஒரு நடுத்தரப் பட்டறைக்குப் பெரிய எண்ணிக்கையே இல்லை. அனுபவம் மிக்க மாஸ்டர் நல்ல வரிசை ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதா என்று அவராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் செயல்முறை ஆராய்ச்சி என்ற கணிதத்துறை வேலைக்கு வருகிறது. கையில் இருப்பதை எந்த வரிசையில், எந்த அளவில், எந்த இடத்தில் பயன்படுத்தினால் நினைத்தது நடக்கும் என்பதே அதன் கேள்வி. இரண்டாம் உலகப் போரை ஒட்டி பிரிட்டனில் ரேடார் ஆய்விலிருந்து வளர்ந்த துறை இது. அந்தக் காலத்து உதாரணம் ஒன்று இன்றைக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மீது போட்ட குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. தாக்குதல் பதிவுகளை ஆராய்ந்த இயற்பியலாளர் இ. ஜே. வில்லியம்ஸ், விமானம் தலைக்கு மேல் வரும் நேரத்தில் பெரும்பாலான நீர்மூழ்கிகள் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது என்று கணக்கிட்டார். வெடிக்கும் ஆழத்தை 25 அடியாகக் குறைக்கச் சொன்னார். மூழ்கடிக்கப்பட்ட நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள், பிரிட்டன் புதிய வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தார்கள். மாறியது ஆழக் கணக்கு மட்டும்.

சாயப்பட்டறையின் வரிசைச் சிக்கல், கணித உலகில் 'பயண விற்பனையாளர் கணக்கு' எனப் புகழ்பெற்ற ஒன்றின் உடன்பிறப்பு. ஒரு விற்பனையாளர் எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும், மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஊர்களின் இடத்தில் லாட்டுகளையும், தூரத்தின் இடத்தில் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் தண்ணீரையும் வையுங்கள், கணக்கு அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு: கோவையிலிருந்து கரூருக்கும் கரூரிலிருந்து கோவைக்கும் தூரம் ஒன்று, ஆனால் மஞ்சளிலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம், கறுப்பிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புவது கடினம்.

1954-இல் டான்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் என்ற மூவர் 49 அமெரிக்க நகரங்களுக்கான மிகச் சிறந்த பாதையைக் கண்டறிந்து நிரூபித்தார்கள். 2006-இல் 85,900 புள்ளிகள் கொண்ட, சிப் வடிவமைப்பு ஒன்றிலிருந்து வந்த கணக்குக்கு நிரூபணத்துடன் விடை கிடைத்தது. ஒவ்வொரு வழியாகப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. தேவையற்ற வழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துவிடுவதே சூட்சுமம். உதாரணமாக, நம் கையில் 8,000 லிட்டரில் முடியும் வரிசை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கறுப்பில் தொடங்கும் எந்த வரிசையும் 9,000 லிட்டருக்குக் கீழே வராது' என்று ஒரு சுருக்கமான கணக்கால் காட்டிவிட்டால், கறுப்பில் தொடங்கும் கோடிக்கணக்கான வரிசைகளில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்க வேண்டாம். இந்த 'கிளை பிரித்து வெட்டும்' முறையை 1960-இல் எய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரண்டு பெண் கணிதவியலாளர்கள் வெளியிட்டார்கள். இன்று தொழிற்சாலை, விமான நிறுவனம், துறைமுகம் என்று எங்கெங்கோ ஓடும் மென்பொருள்களின் அடித்தளத்தில் அது இருக்கிறது.

6,000 லிட்டர் மிச்சம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று யாரும் கேட்கலாம். திருப்பூரில் அது பெரிய விஷயம்தான். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள விவசாயிகளின் நிலத்தையும் கிணறுகளையும் பாழாக்கியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாய ஆலைகளையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று இயங்கும் ஆலைகள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில் இயங்க வேண்டும். கழிவுநீரின் பெரும்பகுதி ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக மீட்கப்படுகிறது. மிஞ்சும் உப்புக் கரைசல் எவாப்பரேட்டருக்குப் போகிறது.

அந்தக் கடைசிக் கட்டம்தான் விலை மிகுந்தது. ஒரு லிட்டர் நீரை முழுக்க ஆவியாக்க ஆகும் வெப்பம், அதே நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏழு மடங்குக்கும் அதிகம். ஒரு கலனின் நீராவியை அடுத்த கலனுக்குப் பயன்படுத்தி இதைக் குறைக்கிறார்கள். ஆனாலும் பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ எரிந்தபடிதான் இருக்கும். ஆகவே, தேவையில்லாமல் கழுவிய ஒவ்வொரு லிட்டரும் முதலில் தண்ணீராகவும், பிறகு ரசாயனமாகவும், கடைசியில் புகையாகவும் கணக்கில் ஏறுகிறது. உருவாகவே செய்யாத கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு வேண்டாம். குழாயின் கடைசியில் கோடிகளைக் கொட்டும் நாம், குழாயின் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதப்படும் வரிசையை அதே அக்கறையோடு பார்ப்பதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

இதனால் சாயக்கழிவு ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. சாயம் ஏற்றிய துணியை அலசும் தண்ணீர்தான் பெரும்பங்கு. வரிசை அதைத் தொடாது. கிலோவுக்குக் குறைந்த நீர் கேட்கும் இயந்திரமும், துணியில் நன்றாக ஒட்டும் சாயமும் அதற்கான வழிகள். வரிசை தருவது கூடுதல் மிச்சம், ஆனால் செலவில்லாத மிச்சம்.

இதே கணிதம் கட்டிங் மேசையிலும் வேலை செய்கிறது. துணியை அடுக்கி, துண்டுகளின் வடிவம் வரைந்த மார்க்கர் தாளைப் போட்டு வெட்டும்போது, கை, முன்பாகம், பின்பாகம், காலர் ஆகியவற்றை எப்படி நெருக்கிப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு துணி கட்டிங் வேஸ்ட்டாகப் போகும் என்பது முடிவாகும். அப்படிப் போகும் ஒவ்வொரு கிலோவும் நூற்று, பின்னி, சாயமேற்றி, கழிவுநீர் உண்டாக்கிய பிறகுதான் வேஸ்ட்டாகிறது. இந்த வகைக் கணக்குகளின் முன்னோடி சோவியத் கணிதவியலாளர் லியோனித் கான்டரோவிச். 1930-களின் கடைசியில் லெனின்கிராட்டின் பிளைவுட் நிறுவனம் ஒன்றுக்காக, எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற கேள்வியில் தொடங்கி ஒரு புதிய கணித முறையையே உருவாக்கினார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசைச் ச்யாலிங் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். பின்னாளில் அவரது வெட்டும் முறையைப் பின்பற்றிய ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்று இரும்புக் கழிவை வெகுவாகக் குறைத்ததாம். அதனால் உருக்காலைகளுக்குப் போக வேண்டிய பழைய இரும்பின் ஒதுக்கீட்டைத் தர முடியாமல் போய், அந்தத் தொழிற்சாலை சிக்கலில் மாட்டியது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தை நிர்வாகிகள் நினைவில் வைக்க வேண்டும்: ஒன்றை மட்டும் குறைக்கப் பார்த்தால் இன்னொன்றில் இடிக்கும். கணினியிடம் நேரத்தை மட்டும் குறைக்கச் சொன்னால் அது நேரத்தைக் குறைத்துக் கொடுக்கும். தண்ணீர் எவ்வளவு போனது என்று அதற்குக் கவலையில்லை. தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால், கறுப்பு லாட் எல்லாவற்றையும் வாரக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஷிப்மென்ட்டைத் தவறவிடும். இதற்கு ஒரே விடை கிடையாது. ஒரு மணி நேரம் தாமதித்தால் எத்தனை ஆயிரம் லிட்டர் மிச்சம், இரண்டு மணி நேரம் தாமதித்தால் எவ்வளவு என்று ஒரு பட்டியலைக் கணிதம் தரும். அதில் எதைத் தேர்வது என்பது முதலாளியும் மாஸ்டரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது.

மின்சாரத்துக்கும் இந்தக் கணிதம் பொருந்தும். தமிழ்நாட்டில் உயரழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் கட்டணம் கூடுதல், இரவில் சலுகை. சில மணி நேரம் தள்ளிவைக்கக்கூடிய வேலை எது என்று தெரிந்தால் பில்லும் குறையும், மின்தொகுப்பின் மீதான அழுத்தமும் குறையும். வேலையில்லாமல் ஓடும் இயந்திரங்களை எப்போது அணைப்பது என்பதும் ஒரு கணக்கே. அணைத்து மறுபடி இயக்க ஆகும் மின்சாரத்தைவிடச் சும்மா ஓடும் நேரத்தின் மின்சாரம் அதிகமென்றால் அணைத்துவிட வேண்டும்.

வரிசையின் விளைவு ஆலையின் வாசலோடு முடிவதில்லை. சாயத்தில் இரண்டு நாள் தாமதமானால் தையலும் பேக்கிங்கும் தள்ளிப்போகும். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய பெட்டிகள், கெடுவைக் காப்பாற்ற விமானத்தில் போகும். விமானத்தில் அனுப்பினால் லாபம் போய்விடும் என்பது ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியும். ஒரு டன் சரக்கை அதே தூரம் கொண்டுசெல்ல, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் எழுதிய வரிசை ஐரோப்பா வரை காற்றில் தடம் பதிக்கிறது. சாலைப் போக்குவரத்தில் இந்தக் கணிதம் எவ்வளவு தரும் என்பதற்கு அமெரிக்காவின் யு.பி.எஸ். கூரியர் நிறுவனம் சாட்சி. ஓட்டுநர்கள் பார்சல்களை எந்த வரிசையில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதன் மென்பொருளால் ஆண்டுக்குச் சுமார் 16 கோடி கிலோமீட்டர் ஓட்டமும், ஏறக்குறைய 3.8 கோடி லிட்டர் எரிபொருளும் மிச்சம் என்று அந்நிறுவனம் கணக்குக் காட்டியது. 2016-இல் செயல்முறை ஆராய்ச்சித் துறையின் உயரிய எடல்மன் விருது அதற்குக் கிடைத்தது.

அந்த நிறுவனத்திடம் பெரும் பணம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். நம் சிறு பட்டறைகளுக்கு அது முடியுமா? முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். தேவையான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் திறந்த மூல மென்பொருள், சாதாரண லேப்டாப்பில் ஓடும். இருபது, முப்பது லாட்டுக்கு நல்ல வரிசையை அது விரைவில் தந்துவிடும். பாடமும் இலவசம்: ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் ஜி. சீனிவாசன் நடத்திய செயல்முறை ஆராய்ச்சி விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இருக்கின்றன. பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்திலேயே போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்காகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

இல்லாதது தகவல்தான். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாற எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் என்பது மாஸ்டரின் தலைக்குள் இருக்கிறது, ஏட்டில் இல்லை. இயந்திரத்துக்கு ஒரு தண்ணீர் மீட்டர் மாட்டி, லாட் புத்தகத்தில் இரண்டு பத்தி கூடுதலாகப் போட்டு எழுதினால் சில வாரங்களில் அது சேர்ந்துவிடும்.

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களை அருகிலுள்ள ஒரு சாயப்பட்டறைக்கு அனுப்புங்கள். மாஸ்டரின் பக்கத்தில் சில நாள் உட்கார்ந்து, அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்டு எழுதட்டும். ஒரு மாத லாட் விவரத்தை வாங்கி, அவர் போட்ட வரிசையையும் கணினி தரும் வரிசையையும் ஒப்பிட்டு, மிச்சமாகும் லிட்டர் எவ்வளவு என்று பட்டறைக்காரரிடம் காட்டட்டும். பட்டறை முதலாளிகளே, அந்தப் பிள்ளைகள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் லாட் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.