சுண்ணாம்பு மண்ணில் வளையும் கோழிக்கால்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குத் திரளும் கூட்டத்தை விட்டால் அமைதியான ஊர்தான். ஆற்றை ஒட்டி வண்டலும் நெல்லும். வடக்கே அரியலூரை நோக்கிப் போகப் போக மண்ணின் நிறம் மாறும், சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எதிரே வரும். பெரம்பலூர் பக்கம் திரும்பினால் மானாவாரிக் காடெங்கும் மக்காச்சோளம். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தைக் கடல் மூடியிருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள்தான் இன்றைக்குச் சிமெண்டாக மூட்டையேறுகின்றன. ஊட்டத்தூர், காரைப் பகுதிக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் கிடப்பதை வெள்ளைக்காரர் காலத்திலேயே நிலவியலாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். எலும்பைக் கெட்டியாக்குவது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஓர் உப்பு. அந்த இரண்டுமே இங்கே காலடியில் கிடக்கின்றன.

இருந்தும், கோழி வளர்ப்பவர்கள் கால்நடை மருந்தகத்தில் சொல்லும் புகார்களில் ஒன்று மட்டும் மாறுவதில்லை. "குஞ்சு நல்லாத்தான் தீனி எடுக்குது சார். ஆனா காலை விரிச்சுப் போட்டு உட்கார்ந்துக்குது." மருந்தகத்துக்கு வருமுன்பே பக்கத்து வீட்டில் வைத்தியம் சொல்லியிருப்பார்கள்: "கால்சியம் பத்தல, சுண்ணாம்புத் தண்ணி வை." அது சில நேரம் பலிக்கும். பாஸ்பரஸ் குறைந்து கால் வளைந்த குஞ்சுக்கு அதையே கொடுத்தால், இருக்கிற கொஞ்ச பாஸ்பரஸும் கைக்கு எட்டாமல் போகும். கோழித் தீவன அறிவியல் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஓட்டை உடைத்து வெளியே வரும் கறிக்கோழிக் குஞ்சு 40 கிராம் சொச்சம். 35 நாளில் அது இரண்டு கிலோ. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்துக் கோழி ரகங்களை ஒரே தீவனம் கொடுத்து அருகருகே வளர்த்துப் பார்த்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் 1957 ரகம் 905 கிராம். 2005 ரகம் 4,202 கிராம். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று டீக்கடையில் அடித்துச் சொல்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். தீவனம் ஒன்றுதான், மாறியது பரம்பரை. ஆனால் இத்தனை எடையையும் தாங்க வேண்டியவை அதே இரண்டு கால்கள்.

கால் எலும்பு நீள்வது அதன் முனைகளில். அங்கே குருத்தெலும்புச் செல்கள் பிரிந்து பிரிந்து அடுக்கடுக்காகச் சேரும். பின்னாலேயே கால்சியமும் பாஸ்பரஸும் வந்து படிந்து அது கெட்டி எலும்பாகும். தாது வந்து சேராவிட்டால் குருத்தெலும்பு மட்டும் தடித்துக்கொண்டே போகும். எடை கூடும்போது கால் வளைந்துவிடும். இதுதான் ரிக்கெட்ஸ். இறந்த குஞ்சின் 'லெக் பீஸ்' எலும்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால், மேல்முனையில் மெல்லிய கோடாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, தடிமனாக, கத்திக்கு எளிதில் வழிவிடும் ஒரு பட்டை தெரியும். உயிரோடு இருக்கும் குஞ்சிலும் ஓர் அடையாளம் உண்டு: அலகை விரலால் அழுத்தினால் ரப்பராக வளையும்.

எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் எடைக்கணக்கில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் படிகின்றன. ஒன்று குறைந்தால் மற்றதற்கு வேலை இல்லை. எச்சத்தோடு வெளியே போய்விடும். ஆகவே கால்சியத்தைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. அது மலிவானது, எங்கும் கிடைப்பது. சிக்கல் பாஸ்பரஸில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குஞ்சுத் தீவனம் ஒரு கிலோவில் 600 கிராம் மக்காச்சோளம், 350 கிராம் சோயா புண்ணாக்கு என்று வையுங்கள். மக்காச்சோளத்திலிருந்து 1.7 கிராம் பாஸ்பரஸ் வரும், சோயாவிலிருந்து 2.3 கிராம். ஆக 4 கிராம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட அட்டவணைப்படி, முதல் மூன்று வாரக் கறிக்கோழிக் குஞ்சுக்குக் கிலோவுக்கு 4.5 கிராம் வேண்டும். பார்த்தால் அரை கிராம்தான் குறைகிறது. ஆனால் அட்டவணை கேட்பது குஞ்சின் குடலுக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸை. நம் 4 கிராமில் அப்படிக் கிடைப்பது 1.3 கிராம் அளவுக்குத்தான். மீதி மூன்றில் இரண்டு பங்கு பூட்டிக் கிடக்கிறது.

பூட்டின் பெயர் பைட்டேட். விதைக்குள் இருக்கும் செடிக் கரு முளைக்கும்போது வேண்டும் என்று தாய்ச்செடி சேர்த்துவைக்கும் பாஸ்பரஸ் இருப்பு அது. ஒரு சர்க்கரை வகை வளையத்தில் ஆறு பாஸ்பேட்கள் தொங்கும். அது தனியாகவும் இருக்காது. கால்சியம், துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு என்று அகப்பட்டதையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். விதை முளைக்கும்போது பைட்டேஸ் என்ற நொதி சுரந்து பாஸ்பேட்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். மாட்டுக்கு இதில் கவலையில்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே பைட்டேஸைத் தயாரித்துவிடும். கோழியின் குடலில் அந்த நொதி மிகக் குறைவு. மக்காச்சோளத்திலோ கிட்டத்தட்ட இல்லை. கோதுமைத் தவிட்டில் நிறைய உண்டு. நம்மூரில் கோழிக்குத் தாராளமாகக் கிடைப்பது அரிசித் தவிடு. அதில் பாஸ்பரஸ் ஏராளம், பெரும்பகுதி பைட்டேட்டாக. வேடிக்கை என்னவென்றால், பைட்டேஸை முதன்முதலில் கண்டுபிடித்ததே அரிசித் தவிட்டில்தான். ஜப்பானிய வேதியியலாளர் உமெதாரோ சுசுகியும் அவருடைய சகாக்களும் 1907இல் அதை அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே தவிட்டிலிருந்து, பிற்பாடு வைட்டமின் பி1 என்று அறியப்பட்ட சத்தையும் பிரித்தெடுத்தவர் இவர்தான். தவிட்டை இவ்வளவு மரியாதையாகப் பார்த்த மனிதர் குறைவு.

அந்த நொதியைக் கோழிக்குக் கொடுத்துப் பார்க்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1971இல் அமெரிக்காவில் டி.எஸ். நெல்சன் குழுவினர் ஒரு வகை அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸைக் குஞ்சுத் தீவனத்தில் கலந்தார்கள். குஞ்சுகளின் கால் எலும்பில் சாம்பல் கூடியது. எலும்பை எடுத்து, கொழுப்பை நீக்கி, உலர்த்தி, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் அதில் படிந்த தாது. இன்றும் எந்தத் தீவனச் சேர்மானத்தையும் எலும்புக்கு நல்லதா என்று சோதிக்க இதைவிட நம்பகமான வழி குறைவு. ஆனால் அன்றைக்குப் பூஞ்சையில் கிடைத்த நொதி கொஞ்சம், விலை அதிகம். மரபணு மாற்றிய பூஞ்சையில் அதை ஏராளமாகத் தயாரிக்க முடிந்த பிறகே, 1991இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 'நேட்டுஃபோஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் ஆர்வம் காட்டிய நாடு நெதர்லாந்து. கோழி நடக்கவேண்டும் என்ற கருணையால் அல்ல. பன்றி, கோழிப் பண்ணைகளின் எரு வழியாகப் பாஸ்பரஸ் நிலத்திலும் நீரிலும் சேர்ந்து அங்கே சட்டம் கடுமையாகியிருந்தது.

தமிழ்நாட்டுக் கதை வேறு. நாமக்கல் பண்ணைகளில் ஒரு காலத்தில் உப்பில்லாக் கருவாடு முக்கியத் தீவனப் பொருள். மீன்முள்ளோடு அரைபட்ட கருவாட்டில் புரதத்துடன் கால்சியமும் பாஸ்பரஸும் குடலுக்கு எட்டும் வடிவிலேயே இருந்தன. கூடவே மணலும் உப்பும் நோய்க்கிருமியும் வந்தன. அந்த இடத்தைச் சோயா புண்ணாக்கு பிடித்தபோது முள் போய்விட்டது. அந்தக் குறையை நிரப்பியது டி.சி.பி. என்று எல்லோரும் சொல்லும் டைகால்சியம் பாஸ்பேட்; 100 கிராமில் 18 கிராம் பாஸ்பரஸ். இது பெரும்பாலும் பாறை பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. இந்தியாவுக்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டில் பெரும்பங்கு இறக்குமதி. மலிவுக்கு ஆசைப்பட்டு ஃப்ளோரினை நீக்காத பாறைத்தூளைக் கலந்தால் எலும்பே கெடும். ஊட்டத்தூர் உருண்டைகளை அரைத்துப் போடலாமே என்று யாருக்காவது தோன்றினால், இதற்காகத்தான் கூடாது.

பைட்டேஸ் வந்த பிறகு டி.சி.பி.யின் அளவு குறைந்தது. 5,000 அலகு வீரியமுள்ள பொடி என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் போதும். அது திறந்துவிடும் பாஸ்பரஸால் டன்னுக்கு ஆறேழு கிலோ டி.சி.பி. மிச்சமாகும். ஆயிரம் கிலோவில் 100 கிராம் என்பது எவ்வளவு சின்ன அளவு என்று யோசித்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கொட்டி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு பிடியில் இருக்கும், அடுத்த பிடியில் இருக்காது. அதனால்தான் அதை முதலில் ஒரு கிலோ மாவில், பிறகு பத்து கிலோவில், பிறகு மொத்தத்தில் என்று படிப்படியாகக் கலக்கச் சொல்கிறார்கள். இன்னொரு பகை சூடு. குருணைத் தீவனம் செய்யும்போது நீராவியில் 80 டிகிரிக்கு மேல் போனால் நொதியின் பெரும்பகுதி செத்துவிடும். மேற்பூச்சு போட்ட நொதியோ, குருணை ஆறிய பிறகு தெளிக்கும் திரவ நொதியோ வேண்டும். வாங்கும்போது விலையைக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

இப்போது சுண்ணாம்புத் தண்ணீருக்கு வருவோம். பைட்டேஸ் அதிகம் வேலை செய்வது தீனிப்பையிலும் அமிலம் சுரக்கும் இரைப்பையிலும் அரைவைப்பையிலும். அந்த அமிலத்தில் பைட்டேட் கரைந்திருந்தால்தான் நொதிக்கு எட்டும். சுண்ணாம்பு அமிலத்தைக் குடித்துவிடும். மிஞ்சும் கால்சியம் குடலில் பைட்டேட்டோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். அதாவது பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. தீவனத்தில் கால்சியம் விலை குறைவு என்பதால் கொஞ்சம் கூடவே போட்டுவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. காசு கொடுத்து வாங்கிய நொதியை அதே கையால் முடக்குகிற வேலை அது. முட்டைக்கோழித் தீவனத்தை மலிவு என்று வளரும் குஞ்சுக்குப் போடுவது இதைவிட மோசம். அதில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம். குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம் சுற்றி. எலும்போடு சிறுநீரகமும் கெட்டு, உள்ளுறுப்புகளில் வெள்ளையாக யூரிக் அமிலம் படியும்.

கால்சியம் மிகுதியின் குறும்பு இத்தோடு நிற்பதில்லை. குஞ்சின் கணுக்கால் மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் நழுவி, கால் பக்கவாட்டில் திருகிக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. 1930களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதற்குக் காரணம் மாங்கனீசுக் குறைவு என்று கண்டார்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மிஞ்சிய தீவனத்தில் அது அதிகமாகிறது. இருக்கிற மாங்கனீசு குடலில் கரையாமல் போவதே காரணம். துத்தநாகம் குறைந்தால் எலும்பு குட்டையாகித் தடிக்கும். செம்பு குறைந்தால் எலும்பின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகாமல், தாது போதுமான அளவு இருந்தும் எலும்பு சட்டென்று முறியும். இவை எல்லாம் டன்னுக்குக் கிராம் கணக்கில் போடுபவை. வைட்டமின் டி3 இன்னும் குறைவு. அது இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உள்ளே விடாது.

கொல்லையில் திரியும் சிறுவிடைக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் போடுவதில்லை. ஒரு கிலோவைத் தாண்டவே அதற்கு நான்கைந்து மாதம் ஆகும். எலும்புக்கு அவகாசம் உண்டு. வெயில் டி3 தருகிறது. வயலோரத்து நத்தை ஓட்டில் கால்சியம். பழைய மண்பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் எடுத்துத் தட்டினால் கொட்டுமே கறையான், அதில் கால்சியம் சொற்பம். ஆனால் புரதமும், பூட்டில்லாத பாஸ்பரஸும் இருக்கின்றன. அந்தப் பானை வைத்த கிழவிக்கு பைட்டேட் தெரியாது. அடைப்பில் வைத்து வெறும் அரிசிக் குருணையும் தவிடும் போட்டு நாட்டுக்கோழி வளர்க்கப் புதிதாக இறங்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மேய்ச்சல் இல்லாத நாட்டுக்கோழிக்கு நாட்டுக்கோழி என்ற பெயர் மட்டும் எலும்பு தராது.

முட்டைக்கோழியில் கணக்கு தலைகீழ். ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராமுக்குக் குறையாத கால்சியம். கோழியின் மொத்த எலும்பிலேயே 20 கிராம்தான். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், தீவனத் தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில். இதற்காகவே முட்டையிடத் தொடங்குமுன் பெட்டையின் கால் எலும்புக் குழிக்குள் ஒரு தனி எலும்பு உருவாகிறது. இரவில் கரையும், பகலில் மறுபடி சேரும். 2005இல் மேரி ஷ்வைட்சர் என்ற ஆய்வாளர் ஒரு டைரனோசரஸ் தொடை எலும்பில் இதே திசுவைக் கண்டு, அது பெண் என்று சொன்னார். கோழிக்கு மாவுச் சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் துண்டுகள் நல்லது என்பதன் காரணமும் இதுதான்: துண்டு அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். தனியாக ஒரு தட்டில் வைத்தால், ஓட்டுக்கு வேண்டிய நேரம் பார்த்துக் கோழி தானே தேடிப்போய்க் கொத்தும். அப்படிக் கொத்துவது சோதனைகளில் காணப்பட்டதுதான்.

ஆனாலும் கரைவது அந்தத் தனி எலும்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள நிஜ எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. முட்டையிடுகிற வரை அது திரும்பக் கட்டப்படுவதில்லை. ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் போட்ட பெட்டையின் மார்பெலும்பைத் தடவினால் பல கோழிகளில் முறிந்து கூடிய முடிச்சுகள் கைக்குத் தட்டும். நொதி, கிளிஞ்சல், டி3 எல்லாம் சரியாகக் கொடுக்கும் பண்ணைகளிலும் அது இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் இப்போது தீவன வாளியை விட்டு இனப்பெருக்கப் பதிவேடுகளையும், கூண்டின் கம்பி உயரத்தையும், பெட்டை முதல் முட்டையிடும் வயதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.