போனில் படிக்கும் பிள்ளைக்கும் கூட்டாளி வேணும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் போனுக்கு வந்தன. அம்பாறைக் கரையோரம் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். இன்றும் பல பாடநெறிகள் போன் வழியே நடக்கின்றன. கல்முனைப் பிள்ளையும் நம்ம லயத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கலாம். ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

இதில் நட்டம் யாருக்கு? மழையில் சிக்னல் போனால், விட்டுப்போன பாடத்தைக் கேட்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான்.

பிள்ளைகளே, முதல் வகுப்பிலேயே பேரையும் ஊரையும் சொல்லுங்கள். "எங்க தோட்டத்தில சிக்னல் அடிக்கடி போகும், நோட்ஸ் அனுப்புவீங்களா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். உங்களிடம் உள்ளதை நீங்களும் அனுப்புங்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படித்தால் சந்தேகம் தேங்காது.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் அண்ணனை 'காக்கா' என்றும் அக்காவை 'ராத்தா' என்றும் கூப்பிடுவார்கள். கேட்டுச் சிரிக்காதீங்க; அது மரியாதைச் சொல்.

பழகினாலும் கவனம் வேணும். அடையாள அட்டை இலக்கம், வங்கி விபரம், சொந்தப் படங்கள் எதையும் அனுப்பாதீங்க.

பெற்றோரே, பிள்ளை போனில் பேசுவதெல்லாம் விளையாட்டு இல்லை. யாரோடு, என்ன பாடம் என்று அன்பாக விசாரியுங்கள்.