எழுப்புதல் பரவுவது எப்படி?

எழுப்புதல் (ஒரு ஊரே பக்தியில் விழித்தெழுவது) என்றதும் மேடையில் முழங்கும் போதகர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், நார்தாம்டன் ஊரின் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் முழங்கத் தெரியாதவர்; குரல் மெலிந்தது. ஆனாலும் 1734-35இல் அந்த ஊரே மனந்திரும்பியது.

சுமார் 200 குடும்பங்கள் வாழ்ந்த ஊர். 1734 ஏப்ரலில் ஓர் இளைஞன் திடீரென நோயில் இறந்தான். அடுத்து, மணமான ஓர் இளம்பெண். கூடத் திரிந்தவர்களைப் புதைத்த இளையோருக்குச் சாவு பயம் பிடித்துக்கொண்டது. மாலையில் சிறு குழுக்களாக வீடுகளில் கூடுங்கள் என்றார் எட்வர்ட்ஸ். பயத்தைப் பேசித் தீர்க்க ஆள் கிடைத்தது.

பிறகு, கும்மாளத்துக்குப் பேர்போன ஓர் இளம்பெண் மனந்திரும்பினாள். ஊர் கேலி செய்யும் என்று எட்வர்ட்ஸே அஞ்சினார். நடந்ததோ நேர்மாறு, அவளிடம் பேச ஆட்கள் தேடிப் போனார்கள். இரட்சிப்பு யாருக்கு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது அவர்களின் கால்வினிய நம்பிக்கை. தன் பெயர் அந்தத் தீர்மானத்தில் உண்டா என்று எவருக்கும் தெரியாது. அளந்து பார்க்க வழியில்லாத விஷயத்தில் மனிதர்கள் தம்மைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் தம்மை எடைபோடுகிறார்கள் என்று 1954இல் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் விளக்கினார். அவளுக்கே கிடைத்ததென்றால் எனக்குக் கிடைக்காதா? எந்தப் பிரசங்கமும் தர முடியாத நம்பிக்கை அது. ஆறே மாதத்தில் 300 பேருக்கு மேல் இரட்சிக்கப்பட்டதாகக் கணக்கிட்ட எட்வர்ட்ஸ், பிறர் மனந்திரும்பிய செய்தியே பெரிதும் வேலை செய்தது என்றும் எழுதினார். இதையெல்லாம் விவரித்த அவருடைய நூல் 1737இல் லண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டே மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி அதைப் படித்தார். 1904இல் வேல்ஸ் எழுப்புதலின்போது செய்தி பரப்பும் இதே வேலையைச் செய்தித்தாள்கள் செய்தன. (நம் காலத்தில் கைப்பேசி.)

ஆனால் அதே வழியில் அவநம்பிக்கையும் பரவும். எழுப்புதல் கூட்டங்களைப் புகழ்வோர் இதைப் பேசுவதில்லை. 1735 ஜூனில் எட்வர்ட்ஸின் சித்தப்பா ஜோசப் ஹாலி, தனக்கு இரட்சிப்பு இல்லை என்ற கலக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின், மனச்சோர்வே இல்லாத பலருக்கும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், யாரோ காதருகே சொல்வதுபோல எழுந்ததாம். இதையும் மறைக்காமல் பதிவு செய்தவர் எட்வர்ட்ஸே. எழுப்புதல் அத்தோடு தணிந்தது.

அழுகையும் நடுக்கமும் உண்மையான பக்திக்குச் சான்றல்ல, நீடித்த நடத்தையே சான்று என்று 1746இல் அவர் தனி நூலே எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1750இல், நற்கருணைக்குத் தகுதியானவர் யார் என்ற தகராறில் அதே நார்தாம்டன் சபை வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.