கடல் கணக்கு – 7: வட்டக்கோட்டைச் சுவரில் எங்கே கோடு போடுவது?

கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டையின் ஒரு பகுதி கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆன டச்சுக் கம்பெனியைச் சேர்ந்த டிலனாய் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை. அவர் காலத்திலிருந்து இன்றுவரை கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது?

உலகச் சராசரி நம்மிடம் இருக்கிறது. 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் மிகச் சொற்பம். குறைந்தது 3000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் கடல் இவ்வளவு வேகமாக ஏறியதில்லை என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை. வேகமும் கூடிக்கொண்டே போகிறது: 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ., 2006-க்குப் பிறகு 3.7 மி.மீ. ஆனால் இந்தச் சராசரியை அப்படியே கொண்டுவந்து வட்டக்கோட்டைச் சுவரில் கோடு போட முடியாது.

குமரிக் கரையில் கடல் ஏறும் பேச்சை எடுத்தாலே கடல்கோளும் குமரிக்கண்டமும் வந்துவிடும். வரட்டும். அந்த நினைவை மதித்தே நிலவியலையும் பார்க்கலாம். நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் செய்தது அதைத்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனிப்பாளங்களாக உறைந்திருந்தபோது கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. பாக் நீரிணை முழுவதும் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரிமுனைக்குத் தெற்கிலும் நிலம் நீண்டிருந்தது. ஆனால் அது ஒரு கண்டம் அல்ல.

இந்த 120 மீட்டர் எப்படித் தெரிந்தது? பவளம் சொன்னது. சூரிய ஒளி வேண்டி நீர்ப்பரப்பை ஒட்டியே வளரும் பவள இனங்கள் உண்டு. கடல் ஏறினால் அவை மூழ்கி இறக்கும். மேலே புதியவை வளரும். ரிச்சர்டு ஃபேர்பேங்ஸ் குழுவினர் பார்படாஸ் கடலடியில் துளையிட்டு, அப்படிப் புதைந்த பவளங்களின் ஆழத்தையும் வயதையும் அளந்து 1989-ல் ஒரு வளைகோடு வெளியிட்டார்கள். ஏற்றம் ஒரே சீராக இல்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூறு ஆண்டுகளுக்குள்ளேயே கடல் 10 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. பனிப்பாளம் சரியத் தொடங்கினால் எவ்வளவு வேகம் சாத்தியம் என்பதற்கு நம்மிடமுள்ள சாட்சி இது.

இனி, சராசரி ஏன் உதவாது என்பதற்கு வருவோம். ஒரு பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் இழுப்பு தளர்கிறது. நீர் விலகிப் போகிறது. கிரீன்லாந்து உருகும்போது கிரீன்லாந்தை ஒட்டிய கடல் தாழ்கிறது, பாரம் இறங்கிய நிலமும் மேலெழுகிறது. விலகிய நீர் தொலைவில் சேர்கிறது. அதனால் வெப்பமண்டலக் கரைகள் சராசரியைவிடக் கூடுதலாகவே வாங்கிக்கொள்கின்றன. வடமுனையோரப் பனிக்கும் தென்முனைப் பனிக்கும் வெகுதொலைவில் உள்ள குமரிக் கரை இரண்டு பக்கத்துக் கடனையும் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கை ஒரே சமன்பாடாக 1976-ல் எழுதிக் காட்டியவர்கள் ஃபேரலும் கிளார்க்கும். இன்றைய கணினி மாதிரிகளும் அதன் மீதே நிற்கின்றன.

நிலமும் கடலடியும் பாரம் மாறியதற்கேற்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். இராமேசுவரத்தில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே பழைய பவளப்பாறைகள் வறண்டு நிற்பதில் அந்த அசைவின் தடயத்தைப் பார்க்கலாம்.

'மட்டம்' என்ற எண்ணத்தையே அசைக்கும் உண்மை ஒன்றும் நமக்கு அருகில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்திருப்பதால் அங்கே கடற்பரப்பு சுமார் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-ல் பூமியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பப் பாறை ஓட்டங்களை இதற்குக் காரணம் காட்டினார்கள். நம் தலைமுறைகளில் மாறாத பள்ளம் இது. ஆகவே ஏற்றத்தின் கணக்கில் சேராது.

கணக்கில் சேர வேண்டியது துறைமுகப் பதிவு. கொச்சியில் 1939 முதல் இருக்கிறது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் உன்னிகிருஷ்ணனும் சங்கரும் வட இந்தியப் பெருங்கடல் பதிவுகளை ஆராய்ந்து, 20-ம் நூற்றாண்டின் ஏற்றம் ஆண்டுக்குச் சராசரி 1.3 மி.மீ. அளவில் என்று 2007-ல் கண்டார்கள்.

இந்த நூற்றாண்டு முடிவதற்குள், நடுத்தர அளவில் கரிவளி வெளியேறினால்கூட உலகக் கடல் 44 முதல் 76 செ.மீ. உயரும் என்பது ஐ.பி.சி.சி. கணிப்பு. அந்த உயர்வின் மேல்தான், சொல்லாமல் கொள்ளாமல் பொங்கிவரும் கள்ளக்கடல் ஏறி வரும். குமரிக் கரையில் ஊருக்கு ஊர் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) தடுப்புச்சுவரும் கேட்டு மக்கள் போராடுகிறார்கள். அப்படிக் கட்டும் ஒவ்வொரு சுவரும் எந்த ஆண்டின் கடல்மட்டத்தை வைத்து வரையப்பட்டது என்பதை அந்தந்த ஊர் அறிவிப்புப் பலகையில் அரசு எழுதி வைக்க வேண்டும்.

(தொடரும்)