மலிவுக் கடையில் தச்சுக் கருவிகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

தச்சுக் கருவி வேண்டுமென்றால் டவுனில் உள்ள இரும்புக் கடைக்குத்தான் போகவேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படியில்லை. அரிசியும் சவர்க்காரமும் வாங்கப் போகும் பேரங்காடியிலேயே ஒரு வரிசையில் சுத்தியலும் உளியும் ரம்பமும் தொங்குகின்றன. 2005ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரே கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டி.ஐ.ஒய். போன்ற மலிவு விலைக் கடைகள் இப்போது சிறிய டவுன்களிலும் இருக்கின்றன. அங்கே விற்கும் மலிவான கருவிகளை நம்பி வாங்கலாமா என்பதே இன்று நாம் ஆராயப்போகும் விஷயம்.

நமது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதத்தில் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. 30 வெள்ளி கொடுத்து வாங்கிய கருவி ஒரு வாரத்தில் வீணானால், ஏறக்குறைய அரை நாள் உழைப்பு வீணாயிற்று என்று பொருள். அதோடு முடிவதில்லை. கதவைச் சரிசெய்யத் தொடங்கியவர் பாதியில் நிறுத்துகிறார். ஆசையோடு மரவேலை பழக வந்த பிள்ளை, "எனக்குக் கை வராது" என்று ஒதுங்கிவிடுகிறான். குற்றம் பிள்ளையின் கையில் இல்லை, கருவியில் இருக்கிறது. அதை அறியாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

ஒரு கருவி ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முடிப்பு வேலையைக் குறைப்பது. அதாவது உளியைத் தட்டையாகத் தேய்க்காமலும், முனையை நன்றாகத் தீட்டாமலும், கைப்பிடியை வழவழப்பாக்காமலும் அனுப்பிவிடுவது. மற்றொன்று, உலோகத்தைக் குறைப்பது. அதாவது மட்டமான எஃகைப் போடுவது, அல்லது அதற்குச் சரியாகப் பதம் ஏற்றாமல் விடுவது. முதலாவது உழைப்புக் குறை. அதை நாம் வீட்டில் நமது கையால் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது உலோகக் குறை. அதை நம்மால் தீர்க்க முடியாது. உழைப்புக் குறை உள்ள மலிவுக் கருவியை வாங்கலாம், உலோகக் குறை உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

முதலில் உளியைப் பார்ப்போம். மலிவுக் கடையில் துணிந்து வாங்கத்தக்க கருவி இது. உளியின் எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதம் சேர்ப்பார்கள். இவ்வேலையை இன்று இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் செய்வதால், மலிவான உளியிலும் நல்ல எஃகு கிடைப்பது உண்டு. விடுபட்டிருப்பது தீட்டும் வேலை மட்டுமே.

தீட்டும் வேலையை நம் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பால்மரம் சீவுகிறவர் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ, தம் கத்தியை நாள்தோறும் கல்லில் தீட்டுகிறார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் தம் உளியையும் அரிவாளையும் அரத்தாலும் கல்லாலும் கூராக்குகிறார். தச்சனின் உளிக்கு வேண்டியதும் இதே கைப்பழக்கம்தான். சரிவு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதையும், பின்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் புதிதாகத் தெரிந்துகொண்டால் போதும்.

செய்முறை இதுதான். கனமான கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் தண்ணீர் பட்டாலும் கிழியாத உப்புத்தாளை வையுங்கள். முதலில் 120 எண், பிறகு 240, 400, கடைசியில் 1000 என்று வரிசையாக மாற்றி, உளியின் பின்பக்கத்தை முனையிலிருந்து ஓர் அங்குல தூரம் வரை தட்டையாகத் தேயுங்கள். அந்த இடம் முழுவதும் ஒரே சீராக மின்னினால் அது தட்டையாகிவிட்டது. இந்த வேலையை ஒரு முறை செய்தால் போதும். அடுத்து, முன்பக்கச் சரிவைக் கல்லில் தீட்டுங்கள். சரிவின் நீளம் தகட்டின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 பாகை. வீட்டு வேலைக்கு அது பொருத்தம். தீட்டும்போது பின்பக்கம் மெல்லிய பிசிறு எழும். பின்பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அது விழுந்துவிடும். சாணைச் சக்கரத்தில் பிடிப்பவர்கள் முனையை அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். முனை நீலநிறமாக மாறினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அறியுங்கள்.

இனி, எஃகு நல்லதா என்று அறிவது எப்படி? தகட்டில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பது கலவையின் பெயர் மட்டுமே. அரிசி நல்லதாக இருந்தாலும் சோறு குழைந்து போகலாம் அல்லவா? எஃகின் பதமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் முனைக்கு அருகில் ஓரத்தில் சிறிய அரம் ஒன்றால் மெல்ல உரசிப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கிச் சென்றால் எஃகு கடினமானது. வெண்ணெயைச் சீவுவதுபோல் எளிதாகக் கடித்தால் அது மென்மையானது. பிறகு தீட்டிய உளியால் கட்டியான மரத்துண்டின் குறுக்கே சீவி, முனையை வெளிச்சத்தில் பாருங்கள். முனை மடங்கியிருந்தால் எஃகு மென்மை. சிறுசிறு பல்லாக உடைந்திருந்தால் அளவுக்கு மீறிய கடினம். ஆனாலும் முதல் தடவையிலேயே தள்ளிவிடாதீர்கள். தொழிற்சாலையில் சாணை பிடித்த சூட்டில் முனையோரம் மட்டும் கெட்டிருக்கக்கூடும். மூன்று நான்கு முறை தீட்டி அந்தப் பகுதி தேய்ந்ததும் நல்ல எஃகு வெளிப்படுவது உண்டு. அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது கை ரம்பம். இன்று கடையில் உள்ள பெரும்பாலான ரம்பங்களின் பல்நுனி கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும். பல்லை மட்டும் மின்சூட்டால் கடினமாக்கியதன் அடையாளம் அது. அந்தப் பல்லில் அரம் பிடிக்காது. ஆகவே மழுங்கினால் கூராக்க முடியாது. ஆயினும் நீண்ட நாள் கூர்மையோடு உழைக்கும். வீட்டு வேலைக்கு அதுவே போதும். வாங்கும்போது கைப்பிடிப் பக்கத்திலிருந்து தகட்டின் நீளத்தை ஒரு கண்ணால் நோக்குங்கள். வளைந்திருந்தால் அதை விட்டு வேறொன்றை எடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 7 அல்லது 8 பல் உள்ளது பலகை அறுக்கும். 10 முதல் 12 பல் உள்ளது நுட்பமான வேலைக்கு ஏற்றது.

சுத்தியலில் மட்டும் சிக்கனம் பார்க்கும்போது மிக்க கவனம் தேவை. இது உயிரோடு விளையாடும் விஷயம். தலை சிறிதளவு ஆடினாலும் வாங்காதீர்கள். ஆடும் தலை ஒருநாள் கழன்று பறக்கும். மரப்பிடியானால் அதன் ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிடி முறியும். 450 கிராம் எடையுள்ள சுத்தியல் வீட்டுக்குப் போதுமானது. ஒரு சுத்தியலால் இன்னொன்றை ஒருபோதும் அடிக்கக்கூடாது. கடினமான எஃகுச் சில் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

அளக்கும் கருவிகள் மலிவாக இருக்கலாம், ஆனால் பொய் சொல்லக்கூடாது. அவற்றைச் சோதிக்கப் பணம் தேவையில்லை. மூலைமட்டத்தை நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். அதைப் புரட்டி மறுபக்கமாக வைத்து, அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் மட்டம் சரி. விரிந்தால் மட்டம் பிழை. ரசமட்டத்தை மேசைமேல் வைத்து, குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு இடம் வலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி முன்போலவே நிற்க வேண்டும். அளவு நாடாவின் முனையில் உள்ள கொக்கி சற்றே ஆடுவதைக் கண்டு பழுது என்று எண்ணாதீர்கள். வெளியே மாட்டி அளக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனத்தைச் சரிக்கட்டவே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இனி, மலிவுக் கடையில் தவிர்க்க வேண்டியவை. முதலாவது, இரும்பு இழைப்புளி. இதில் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும், தகடு அசையாமல் அமர வேண்டும், திருகு சரியாகப் பிடிக்க வேண்டும். இத்தனையும் மலிவு விலையில் ஒருங்கே அமைவது அரிது. அதைவிட, இரும்புக் கடைகளில் கிடைக்கும் சீனத்து மர இழைப்புளி மேலானது. ஒரு மரக்கட்டை, ஒரு தகடு, ஓர் ஆப்பு, குறுக்கே ஒரு பிடி, அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. இரண்டாவது, நூறு துண்டுகள் அடங்கிய பெட்டி. அதில் பத்துத் துண்டைத்தான் நாம் எடுப்போம். மீதி துருப்பிடிக்கும். மூன்றாவது, மிக மலிவான திருப்புளி. அதன் முனை மென்மையாக இருந்தால் முதலில் முனை உருளும், பிறகு ஆணியின் தலையும் சிதையும். ஆறு வாங்கும் காசில் நல்லதாக இரண்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டியதில்லை. முதல் மாதம் சுத்தியல், அளவு நாடா, ரம்பம். அடுத்த மாதம் அரை அங்குல உளியும் முக்கால் அங்குல உளியும், தீட்டும் கல்லும். பிறகு மூலைமட்டம், இழைப்புளி. உளியைத் தட்டும் கொட்டாப்புளியை வாங்கவே வேண்டாம். கட்டியான மரத்துண்டு கிடைத்தால் நாமே செய்துகொள்ளலாம்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சோதனைகளை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். விலைக்கேற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும் என்பது உண்மையே. ஆயினும் உளி என்று விற்றால் அது மரத்தைச் செதுக்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் கட்டி முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

நமது நாட்டின் ஈரக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் சிறிது பூசுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். ஆதலால் அது வேண்டாம்.

பழகுவதற்கு மரம் வேண்டுமே என்பீர்கள். ஒரு காலத்தில் அடுப்பில் எரிந்த ரப்பர் மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் மாறிக் கப்பலேறுகிறது. ஜொகூரின் மூவார் நகரம் இந்தத் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தொழிற்சாலைகள் கழிக்கும் ரப்பர் மரத்துண்டு கிடைத்தால் பழகுவதற்கு மிக நல்லது. புதிதாக வெட்டிய மரத்தில் பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் ஏறும். மருந்தூட்டி உலர்த்திய துண்டையே எடுங்கள். பழைய பெட்டிப் பலகையானால் அறுப்பதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, நம் முன்னோர் பால் வடித்த மரத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மேசை செய்யலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நல்ல எஃகைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், அதைத் தீட்டும் பொறுமையும் இருந்தால் போதும். பொறுமை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இந்த வாரம் கடைக்குப் போகும்போது அந்த வரிசையில் சற்று நின்று, ஓர் உளியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.